பதினான்கு கடிதங்களில் ஒரு குத்துச்சண்டை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் என் அப்பாவும் கட்லட்டைத் தொடுவதற்கு முன்பே சண்டை பிடித்துக்கொண்டார்கள். சீதனத்துக்காக அல்ல. அமெரிக்காவின் இரண்டு குத்துச்சண்டை வீரர்களுக்காக. அந்த இருவரும் ஒருநாளும் மோதியதில்லை, மோதவும் முடியாது. ஒருவர் கையுறையைக் கழற்றி வைத்தபோது மற்றவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன்.

எழுபத்தேழு இனக்கலவரம் அடங்கி ஒன்றிரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா பெக்டரியில் கொழுந்தைத் தூளாக்கும் டீமேக்கர். கொழுந்து எந்த நிமிடம் பதமாகும் என்று மூக்காலேயே சொல்வார். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். நாலாவது காலை நேரில் காட்டினாலும் அது வால் என்பார். கொசுவைத் தவிர வேறு யாரையும் அடித்தறியாத அந்த மனிதருக்குக் குத்துச்சண்டை என்றால் உயிர். வானொலியில் கேட்ட போட்டிகள் எல்லாம் ரவுண்டு ரவுண்டாக மனப்பாடம். முன் அறையில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே, பத்திரிகையில் வெட்டிய உலக சாம்பியனின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அந்தச் சாம்பியன் மேடைக்கு வெளியேயும் சும்மா இருக்காமல் எதிராளியை வாயால் வறுத்தெடுப்பவர் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு வாயாடி என்றே பெயர்.

சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் உபதேசியார். சனிக்கிழமைதோறும் மாத்தளையிலிருந்து பஸ் ஏறி வந்து தோட்டத்துக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்து, ஞாயிறு ஜெபம் முடிந்ததும் இறங்கிப் போவார். மாப்பிள்ளை யட்டவத்தப் பக்கம் வாத்தியார். அவருடைய அப்பா மாத்தளை டவுனில் ஒரு மிளகு, ஏலக்காய்க் கடையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்ந்தவர். கண்ணில் புரை விழுந்திருந்தது. அந்தப் புரைக் கண்ணோடு அவர் எங்கள் சுவரை அண்ணாந்து பார்த்ததுதான் வினை.

"திரு இருதயத்துக்குக் கீழ யாருங்க அது? உங்க தகப்பனாரா?"

"நம்ம சாம்பியன்ங்க," என்றார் அப்பா பெருமையாக.

"ஓ, அந்த வாய்க்காரரா? எங்க காலத்து ஆளு முன்னாடி இவரு மூணு ரவுண்டு தாங்க மாட்டாருங்க."

அப்பா கையிலிருந்த கட்லட் தட்டை மேசையில் வைத்தார். நீட்டவில்லை, வைத்தார். அம்மா என் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் முகாமில் வேலை பார்த்தபோது, பழைய சாம்பியன் குத்துவதைத் திரைபோட்டுக் காட்டியதைப் பார்த்தவராம் அவர். "நான் கண்ணால பாத்தவன். நீங்க ரேடியோவுல கேட்டவரு. கேட்டவங்க பாத்தவங்ககிட்ட பேசலாமாங்க?" என்றார். "உங்க ஆளு மரம் மாதிரி நின்னு குத்துவாரு. நம்ம ஆளு நிக்கிற எடத்துல நிப்பாரா? மொதல்ல ஆளக் கண்டுபிடிக்கணுங்க!" என்று அப்பா எழுந்து முன் அறையில் கால்மாற்றிக் குதித்துக் காட்டினார். அறுபதை நெருங்கிய இரண்டு பெரிய மனிதர்கள், வேட்டி ஒன்றும் கால்சட்டை ஒன்றுமாக, முஷ்டி மடக்கி நின்ற அந்தக் காட்சியை நான் காப்பித் தட்டோடு குசினி வாசலில் நின்று பார்த்தேன். எதிரே மாப்பிள்ளை, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். எனக்கும் தாங்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. கட்டினால் இவரைத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அவர்களோ நாளும் குறிக்காமல், கட்லட்டும் தின்னாமல் பஸ் ஏறிவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை உபதேசியார் ஒரு கடிதத்தோடு வந்தார். சம்மதமாக்கும் என்று அம்மா ஓடி வந்தால், அதில் கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பதினைந்து ரவுண்டு, கடிதத்திலேயே குத்திப் பார்ப்போம், முதல் ரவுண்டை நீங்கள் எழுதுங்கள், இரண்டாவதை நான் எழுதுகிறேன் என்று ஒரு சவால். அப்பாவுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. அவருடைய எழுத்து அவருக்கே விளங்காது, ஆகவே அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அறையின் குறுக்கே நடந்தபடி, இடக்கை வலக்கை வீசி, ஒருமுறை அலுமாரிக் கதவையே குத்திவிட்டுத்தான் முதல் ரவுண்டை முடித்தார்.

"என்னங்க, கல்யாணத்தப் பத்தியும் ஒரு வரி எழுதச் சொல்லுங்களேன்," என்றார் அம்மா.

"ரவுண்டு நடக்கிறப்ப குறுக்க பேசப்படாது."

முதல் கடிதத்தை அவர் சொன்னபடியே எழுதினேன். கிழட்டு மரம், மண்ணாங்கட்டி என்றெல்லாம் இருந்தது. அடுத்த வாரம் உபதேசியார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "கண்டியில வேற எடம் பாக்கலாமான்னு பேசுறாங்க, புள்ள. ஆடு பகை, குட்டி உறவுன்னு நெனச்சேன். இந்த ஆடுங்க விடாது போலருக்கு," என்றார்.

அன்றைக்குத்தான் நான் பொய் எழுதத் தொடங்கினேன். மூன்றாம் ரவுண்டில் அப்பா, "கெழவன் மூக்கு ஒடஞ்சு தரையில கவுந்தான்னு எழுது," என்றார். 'தங்கள் வீரர் சற்றே நிலை தளர்ந்தாலும் புன்னகையோடு நிமிர்ந்தார்' என்று எழுதினேன். பதிலும் மரியாதையாக வந்தது. வாசித்துக் காட்டினேன். "பரவால்ல, மனுஷனுக்குக் கொஞ்சம் வெளங்குது," என்றார் அப்பா.

மழைக்காலம் வந்தது. மண் சரிந்து பாதை அடைபட்டால் பஸ் இல்லை, ஒரு வாரம் ஊர் சரியில்லை என்று உபதேசியார் வரவே இல்லை. அந்த வாரம் பெக்டரியில்கூட ஆறாம் ரவுண்டு என்னாச்சு என்று கேட்டார்களாம். அந்த வருடம் உண்மையான அடிதடி எங்களுக்குப் போதும் போதும் என்றிருந்தது. இது யாருக்கும் ரத்தம் வராத சண்டை, அதனால்தானோ என்னவோ எல்லாருக்கும் ருசித்தது.

எட்டாம் ரவுண்டுக் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது. 'உங்கள் அப்பா உண்மையாகவே இவ்வளவு பணிவாகத்தான் பேசுகிறாரா? என் அப்பா சொல்வதை நானும் அப்படியே எழுதுவதில்லை.' புரைக்கண் தகப்பனுக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பவர் மாப்பிள்ளைதான்! குசினிக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன். பிறகு ஒன்பதாம் ரவுண்டின் ஓரத்தில் நானும் பென்சிலை எடுத்தேன்.

பத்தாம் ரவுண்டின் ஓரத்தில் வந்த சேதி சிரிக்கிற சேதி அல்ல. கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள், அப்பா பயந்துபோய்ச் சாப்பாடும் ஒழுங்காக இல்லை, எல்லாப் பேச்சும் பிறகு பார்க்கலாம் என்கிறார் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். பிறகு என்றால் தபசுக் காலம் வந்துவிடும். ஈஸ்டருக்கு முந்திய அந்த நாற்பது நாளும் கோயிலில் கல்யாணம் இல்லை. அதற்குள் கண்டிக்காரர்கள் கட்லட்டைச் சுட்டு வைத்துவிடுவார்கள். அப்பா பதினோராம் ரவுண்டைச் சொன்னார், அவருடைய ஆள் வழக்கம்போல வெளுத்து வாங்கினார். அந்தப் பயந்த மனிதரின் மனம் குளிரட்டும் என்று நான் எழுதியது வேறு. 'தங்கள் வீரரின் வலக்கை எங்கள் வீரரின் தாடையில் இறங்கியது. எங்கள் வீரர் விழுந்தார்.' வாயாடி விழுவதற்கு அப்பா கனவிலும் சம்மதிக்க மாட்டார்.

பதினான்காம் ரவுண்டு வந்த பிறகு, பதினைந்தாவதை நாங்கள் எழுதி அனுப்பும் முன்பே ஆட்களே வந்தார்கள். ஜனவரியில் ஒரு ஞாயிறு, ஜெபம் முடிந்து. ஆபரேஷனுக்கு முன் கடைசி ரவுண்டை நேரில் பேசலாம் என்று வந்த மாப்பிள்ளையின் அப்பா கையில் எங்கள் கடிதங்கள் அத்தனையும் ஒரு பையில். வாசித்தால் என் பொய் வெளியாகிவிடும். மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை.

"உபதேசியாரே, அந்தப் பதினோராவது ரவுண்ட ஒருக்கா வாசிங்க. நம்ம மகன் தெனம் வாசிச்சுக் காட்டுறாரு, எனக்கு அலுக்கல்ல," என்றார் அவர்.

உபதேசியார் கண்ணாடியைப் போட்டு, கோயிலில் நிருபம் வாசிக்கிற குரலில் வாசித்தார். 'எங்கள் வீரர் விழுந்தார்.'

அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுபடியும் என்னைப் பார்த்தார். கொழுந்தை மோந்து பார்க்கிற அதே பார்வை. ஒரு பிழையான சாக்குத் தூளைக்கூட நல்லது என்று ஒருநாளும் சொல்லாத மனிதர் அவர். இல்லை என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"நீங்க சொன்னதுதானேங்க?" என்று கேட்டார் வந்தவர்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "நான் சொன்னதுதாங்க," என்றார். பிறகு, "கால் வழுக்கி விழல்லீங்க. அடி வாங்கித்தான் விழுந்தான்," என்றார்.

வந்தவர் எழுந்து தட்டுத்தடவி அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "விட்டுக்குடுக்கத் தெரிஞ்ச வீட்டுல பொண்ணு எடுக்கக் குடுத்து வச்சிருக்கணும்," என்றார். அதற்குமேல் பதினைந்தாம் ரவுண்டை யாரும் கேட்கவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யச் சொல்வார்கள். எனக்கு ஏழெட்டே போதுமாக இருந்தது. உபதேசியார் கொப்பியை எடுத்து, கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க மூன்று ஞாயிறுகளைக் குறித்துக்கொண்டார். கட்லட் தட்டு அன்றைக்குக் காலியானது.

அவர்கள் போன பிறகு அப்பா முன் அறையில் தனியாக வாயாடியின் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அழுகைதான் வந்தது. சந்தோஷமா வெட்கமா என்று எனக்கே தெரியவில்லை.

அப்பா என்னைப் பார்க்காமலே கேட்டார். "எத்தன எண்ணுற வரைக்கும் விழுந்து கெடந்தான்?"

பத்து எண்ணுவதற்குள் எழும்பாவிட்டால் விழுந்தவர் தோற்றவர். கடிதத்தில் நான் எண்ணிக்கையே எழுதவில்லை.

"எட்டுப்பா," என்றேன்.

"பத்து ஆகல்லல்ல?"

"இல்லப்பா."

"அப்ப சரி," என்றார்.