கும்பினிக் காசும் தாய்மாமன் தண்டையும்

ஜெர்மன் சண்டை முடிந்து, ஊரெல்லாம் அரிசிக்கு அல்லாடிக்கொண்டிருந்த சமயம். நான் இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு எனக்குத் தங்கை, தங்கைக்கு நான், அவ்வளவுதான் எங்கள் குடும்பம். அவளை ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் ஒரு கங்காணி மகனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தேன்.

மாப்பிள்ளை தங்கமானவர். ஆனால் அவருடைய அம்மா இருக்கிறாரே, அவரை நினைத்தாலே எனக்குப் பயம். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அதுவும் பாதி சத்தத்தில். கழுத்தில் வெள்ளிக் காசு கோத்த மாலை குலுங்க அவர் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் நடந்தால் மற்றப் பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். கல்யாணத்தன்று என் தங்கையின் வெறுங்காலைப் பார்த்து, வெள்ளிக்கே வக்கில்லாத வீடா என்று பந்தியில் வைத்தே கேட்ட மகராசி அவர். தங்கை அன்று சோற்றைத் தொடவில்லை.

தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்து, காது குத்த நாள் குறித்தார்கள். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் வெள்ளித் தண்டை கொண்டுபோய்ப் பிள்ளையின் காலில் போட வேண்டும். இந்த முறையும் வெறுங்கையோடு போய் நின்றால் என் தங்கை அந்த வீட்டில் காலத்துக்கும் குனிந்துதான் நடக்க வேண்டியிருக்கும்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த ரூபாய் கொஞ்சம் இருந்தது. பதுளைச் சந்தையில் ஒரு ஆள் துணி விரித்து, வெள்ளைக்காரக் கம்பெனி ஆண்ட காலத்துப் பழைய கும்பினிக் காசு விற்றுக்கொண்டிருந்தான். இப்போது வருகிற ராசா தலை ரூபாயில் கலப்படம், கும்பினிக் காசுதான் சுத்த வெள்ளி, ஆசாரியிடம் போட்டால் அதிக எடைக்குத் தண்டை கிடைக்கும் என்றான். எல்லாக் காசிலும் மாலையில் கோக்க வளையமாய் ஒரு காது பற்றவைத்திருந்தது. கல்லில் போட்டுப் பார்த்தேன். மொத்து மொத்தென்று விழுந்தது. காது வைத்த காசு கணீரென்று ஒலிக்காது தம்பி என்று சிரித்தான். அது உண்மைதானே! அதோடு என் புத்தி அடைத்துப் போயிற்று. நல்ல வெள்ளி ரூபாயை எல்லாம் அவனிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு, பெரிய சாமர்த்தியசாலி மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

காது குத்து அன்று காலை, தயாராக இருக்கும் தண்டையாகப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று பதுளைக் கடைவீதியில் ஆசாரியிடம் போனேன். அவர் அரத்தால் ஓரத்தில் ஒரே இழுப்பு இழுத்தார். சிவப்பாகச் செம்பு தெரிந்தது. அடுத்ததிலும் அப்படியே. மேலே மட்டும்தான் வெள்ளிப் பூச்சு. அவர் காசுகளை என் பக்கம் தள்ளிவைத்தார்.

திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் தங்கை பாதையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு சீப்பு வாழைப்பழமும் பிள்ளைக்கு ஒரு சட்டையுமாக மலை ஏறினேன்.

லயத்துக்குக் கீழே, தண்ணீர் பிடிக்கிற பீலியில் முகம் கழுவ நின்றேன். யார் முகத்தில் விழிக்கக் கூடாது என்று வந்தேனோ, அந்த அத்தையே குடத்தோடு அங்கே நின்றார். தண்டை எங்கே என்று கேட்டார். காசு முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். அரம் பட்ட இடத்தை விரலால் தடவினார். நான் திட்டுக்குக் காத்து நின்றேன்.

"சந்தையில துணி விரிச்சு விக்கிறானே, ஒரு கண்ணுல பூ விழுந்தவன், அவன்கிட்டயா தம்பி வாங்குன?"

ஆமாங்க அத்தை என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கழுத்திலிருந்த மாலையை மெல்லத் திருப்பினார். தோலில் உரசி உரசி, காசுகளின் பின்பக்கமெல்லாம் சிவந்து கிடந்தது.

"எனக்கும் அவன்தான் வித்தான். முன்பக்கத்தச் சாம்பல் போட்டுத் தேச்சுத் தேச்சு மாட்டிக்கிட்டுத் திரியுறேன். எங்க வீட்டு ஆளுக்கே தெரியாது. வெளிய சொன்னா என் மானம் போயிரும்."

அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இங்கேயே நில் என்று சொல்லிவிட்டு மேலே போனார். திரும்பி வந்தபோது வெறுங்குடத்துக்குள்ளிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். உள்ளே கறுத்துப்போன ஒரு ஜோடித் தண்டை.

"இது எங்கண்ணன் எம்மவனுக்குப் போட்டது. நல்ல வெள்ளி. நீ கொண்டாந்ததா இருக்கட்டும்."

வேண்டாம் அத்தை என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அடி வாங்குவாய் என்றார். கொண்டுவந்திருந்த புளியை என் கையில் திணித்து, நீயும் தேய் என்றார். இரண்டு பேரும் பீலியடியில் குந்தி ஆளுக்கொரு தண்டையைப் பளபளவென்று தேய்த்தோம்.

கோயில் வாசலில் பிள்ளையை மடியில் வைத்து நான் தண்டையைப் பூட்டியபோது, ஊர் கேட்க முதலில் பேசியவர் அத்தைதான். மாமன் கனமாகத்தான் கொண்டுவந்திருக்கிறான், பரவாயில்லை என்றார், வழக்கமான அதே வெடுக்குக் குரலில். தங்கை என்னைப் பார்த்தாள். அத்தனை சனத்துக்கு நடுவில் அவள் தலை நிமிர்ந்து சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு நான் வேறு தண்டை செய்து கொண்டுபோனபோது, அடுத்த பிள்ளைக்கு வை என்று திருப்பி அனுப்பிவிட்டார். தங்கைக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. அவருடைய மானம் போய்விடக் கூடாதென்று அவர் காலம் முடியும்வரை நான் வாய் திறக்கவில்லை, என் மானத்தை அவர் காப்பாற்றியதையும் அவர் எங்கேயும் சொல்லவில்லை. யாரையாவது பார்த்து எனக்குப் பயம் வருகிறபோதெல்லாம், இவரும் என்னை மாதிரியே எதையாவது மறைத்துக்கொண்டு தவிக்கிறாரோ என்று எண்ணிப் பார்க்கிறேன், உடனே மனசு இளகிவிடுகிறது.