பதில் தெரிந்தும் நகர்ந்தேன்

சில வருடங்களுக்கு முன்பு, மாமல்லபுரத்தை அடுத்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் தலைமை ஆசிரியையாக இருந்தபோது நடந்தது இது. அன்று பிளஸ் டூ வரலாறு பரீட்சை. எங்கள் பள்ளியே தேர்வு மையம்.

எங்கள் மாணவி ஒருத்திக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பக்கத்து மீனவர் குப்பத்துப் பெண். பிளஸ் ஒன்னில் சேர்த்துக்கொள்ள வேறு பள்ளிகளில் தயங்கியிருக்கிறார்கள். எங்கள் ஆசிரியர்களே, சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடலாமே என்றார்கள். நான்தான் பிடிவாதமாகச் சேர்த்தேன். அதனால் அவளுக்குப் பரீட்சை என்றால் எனக்கும் பரீட்சைதான்.

அன்று காலை, அவள் சொல்லச் சொல்ல எழுத வேண்டிய ஆசிரியரைக் காணவில்லை. செய்யூரிலிருந்து பைக்கில் வந்தவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணலில் சறுக்கி விழுந்து, கால் வீங்கிக் கிடப்பதாகப் போன் வந்தது. தேர்வை நடத்த வந்திருந்த அதிகாரி, மாற்று ஆளாக ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றார். வேறு பள்ளியின் விளையாட்டு ஆசிரியை, பி.டி. டீச்சர்.

அந்த டீச்சருக்கு முகமே வெளுத்துவிட்டது. "விசில் புடிச்ச கை மேடம் இது. என் எழுத்து கோழி கிளறுனாப்ல கீது. பொண்ணு மார்க்கு போச்சின்னா இன்னா பண்றது?"

எனக்கும் அதே பயம்தான். வேறு வழியில்லாமல் மாணவியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள். "நான் சொல்றத எழுதுவாங்களா, இல்ல அவங்களாவே எழுதுவாங்களா மேடம்?"

முன்பு ஒரு பரீட்சையில் எழுத வந்தவர், பரிதாபப்பட்டு இவள் சொல்லாததையும் சேர்த்து எழுதிவிட்டாராம். படித்துக் காட்டச் சொன்னபோதுதான் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. "நல்லாத்தான் எழுதிகீறாங்க மேடம். ஆனா அது என்னுது இல்ல."

கூடவே வந்திருந்த பி.டி. டீச்சர், "எனக்கு வரலாறே தெரியாதும்மா, பயப்படாத" என்றார். அவள் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மணி அடித்தது. என்னால் என் அறையில் உட்கார முடியவில்லை. வராந்தாவில் போவதும் வருவதுமாக இருந்தேன். ஒரு முறை அவள் இருந்த அறையின் ஜன்னலைக் கடந்தபோது உள்ளே பேச்சே இல்லை. டீச்சர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, பாதி சொன்ன வாக்கியத்தையே திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஒரு பெயர் வரவில்லை.

தலைமை ஆசிரியை ஆவதற்கு முன்பு நான் வரலாறு நடத்தியவள். அந்தப் பெயர் என் நாக்கு நுனியில் நின்றது. வராந்தாவில் வேறு யாரும் இல்லை. யாரிடமோ பேசுவதுபோல் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு பெரிய கேள்வி முழுவதும் அவளுக்குக் கிடைத்துவிடும். டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அவள் முகமும் ஜன்னல் பக்கம் திரும்பியது. செருப்புச் சத்தத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவாள். "வெளில மேடம் நிக்கிறாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். அந்தக் குரலில் உதவி கேட்கிற தொனி இல்லை. நான் சொல்லிவிடுவேனோ என்ற பயம்தான் இருந்தது.

நான் நகர்ந்துவிட்டேன். பத்தடி போவதற்குள் அவள் குரல் கேட்டது. "அத விட்டுடுங்க டீச்சர். அடுத்த கேள்வி படிங்க."

பரீட்சை முடிந்து வெளியே வந்த டீச்சர் கையை உதறிக்கொண்டே, "ஒரு எழுத்து மாத்தல மேடம்" என்றார். முடிவு வரும்வரை எனக்குச் சரியான தூக்கமில்லை. அந்தக் கையெழுத்து திருத்துபவருக்குப் புரியுமா, விட்டுப்போன கேள்வியால் கல்லூரி இடம் கைநழுவுமா என்று மனம் கிடந்து தவித்தது. வரலாற்றில் அவள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. ஆனாலும் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். அதே வரலாறுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இன்றும் ஒரு பிள்ளை பதில் தெரியாமல் திணறும்போது என் வாய் முந்திக்கொண்டு வரத்தான் செய்கிறது. பாசத்தில்கூட ஒரு பிள்ளைக்குச் சேர வேண்டியதைப் பிடுங்கிவிட முடியும் என்ற பயம்தான் என்னைத் தடுத்து நிறுத்துகிறது.