நல்லம்மா கேட்ட மத்தியஸ்தர்

நல்லம்மா விரல் முட்டியால் தோணியின் அடிப்பலகையைத் தட்டுகிறாள். காதை வைத்துக் கேட்கிறாள். அடுத்த பலகைக்கு நகர்கிறாள். "பொறுங்கோடா, உது இருமுது" என்றால் போதும், தோணியோட்டும் தண்டயல் அந்த இடத்தை மறுபேச்சில்லாமல் அடைப்பித்துவிடுவார். புருசன் காய்ச்சலில் போனபின் தோணியை விற்கச் சொன்னவர்களுக்கெல்லாம் ஒரே மறுமொழிதான்: "வித்துப்போட்டு நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?"

போன வருஷம் அந்தத் தோணியே கைவிட்டுப் போகப் பார்த்தது. சுன்னாகத்து வியாபாரி அருளம்பலத்தின் புகையிலைச் சிப்பங்கள் மலையாளக் கரையில் இறங்கியபோது பூஞ்சணம் பிடித்திருந்தன. தோணி ஒழுகியது என்றார் அவர். கட்டும்போதே ஈரம் என்றாள் இவள். ஒப்பந்தப்படி பிணக்கு மத்தியஸ்தரிடம் போயிற்று. சுங்கக் கந்தோரில் வேலைபார்த்து ஓய்ந்த ஆழ்வாப்பிள்ளை, பிழை தோணியில்தான் என்று தீர்ப்பெழுதினார். நட்டத்தைக் கட்டத் தோணியை விற்றேயாக வேண்டும்.

நல்லம்மா வழக்குப் பேசப் பிரக்கிராசி ஒருவரைப் பிடித்து நீதிமன்றம் ஏறினாள். திரும்பி வந்த சிப்பங்களை மத்தியஸ்தர் அருளம்பலத்தின் சரக்குக் கிட்டங்கியில், அவரை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தார் என்பது முறைப்பாடு. கண்டு சொன்ன வண்டிக்காரன் சாட்சிக்கு வரப் பயந்தான். அப்படி நடக்கவில்லையென்று அருளம்பலம் சத்தியம் பண்ணினார். பிறகு ஆழ்வாப்பிள்ளை சாட்சிக் கூட்டில் ஏறினார்.

"ஓம், அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல்தான் போனனான். இவர் காட்டின சிப்பத்தை மட்டும்தான் பார்த்தனான். என்ரை பிழை."

நீதிபதி தீர்ப்பைத் தள்ளினார். இனி யார் விசாரிப்பது என்று கேட்டபோது, பிரக்கிராசி வாயெடுக்குமுன் நல்லம்மா எழுந்தாள். "உந்த ஐயாவே இருக்கட்டும், துரை."

"உனக்கென்ன விசரோ?" என்று பிரக்கிராசி பல்லைக் கடித்தார்.

"இவ்வளவு சனத்துக்கு முன்னாலை தன்ரை பிழையைக் கதைச்ச மனிசனை விட்டிட்டு, வேறை ஆரைத் தேடுறது?"

முதலில் அவரைத் தெரிந்தெடுத்ததே அருளம்பலம்; மறுக்க வழியில்லை. இம்முறை இருவரும் பார்த்துநிற்க எல்லாச் சிப்பங்களும் பிரிக்கப்பட்டன. வெளியிலைகள் நல்லாக இருந்தன, நடுவில்தான் அழுகல். கடல்தண்ணீர் வெளியை விட்டுவிட்டு உள்ளே போகாது. தோணி நல்லம்மாவிடம் நின்றது.

"சாமிக்கு நேர்ந்தது முடிஞ்சுது. ஐயாவுக்கு என்னத்தைச் செய்யிறது?" என்று காண்பவரிடமெல்லாம் கேட்கிறாள். அனுப்பிய பனங்கட்டி, ஓலைக் குட்டானோடு, "மத்தியஸ்தன் வாங்கப்படாது" என்ற சொல்லோடு திரும்பி வந்தது.

போன கிழமை தோணி பாய் விரிக்கும் நேரம், கரையில் குடையோடு நடந்துவந்த ஆழ்வாப்பிள்ளை எட்ட நின்று பார்த்தார். நல்லம்மா பயணத்துக்கு உடைக்கும் தேங்காயோடு அவரிடம் போனாள்.

"நீங்கள் உடையுங்கோ, ஐயா."

"எனக்கேன் பிள்ளை? தோணிக்காரியின்ரை கையெல்லோ உடைக்கவேணும்?"

அவள் தேங்காயை அவர் கையில் வைத்தாள். குடையை வாங்கி, அவர் தலைக்குமேல் பிடித்தபடி பின்னால் நின்றாள்.