ஒற்றைப் பலகைதான் வேண்டும் என்றேன்

சுதந்திரம் வந்த மறு வருஷம் மார்கழியில், எனக்குத் தை பிறந்ததும் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குச் செம்பூரில் ஜாகை. கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். கல்யாணத்தோடு வேலை போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாகவும் யாருக்கும் தோன்றவில்லை. அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் பக்கத்து மேஜைப் பார்சிக்காரி, என் சிநேகிதி, ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு வருகிறாயா என்று கேட்டாள்.

அவளுடைய அண்ணன், யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்ட மிலிட்டரி டிஸ்போஸலில் ஒரு மோட்டார் படகு வாங்கியிருந்தான். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார ஆபீசர் விட்டுப்போன ஸ்கீ பலகைகளும் அவனிடம் இருந்தன. படகு கயிறு கட்டி இழுக்க, நாம் பலகை மேல் நின்றபடி தண்ணீரில் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். கேட்டதுமே எனக்கு ஆசை வந்துவிட்டது. நீச்சல் தெரியும், பயமில்லை. கையில் இருப்பதோ நாலே ஞாயிற்றுக்கிழமை. கழுத்தில் தாலி ஏறுவதற்குள் ஒரு தடவையாவது கடல் மேல் நின்றுவிட வேண்டும் என்று மனதுக்குள் சங்கல்பம் செய்துகொண்டேன். வீட்டில், சிநேகிதியிடம் தையல் மிஷின் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னேன்.

மஜ்காவ் பக்கத்துப் படகுத்துறையில் அண்ணன்காரன் பலகைகளைக் கொண்டுவந்து என் முன்னால் பரப்பினான். அகலமாக ஒரு ஜோடி, காலுக்கு ஒன்றாக. பக்கத்தில் ஒல்லியாக, வழவழவென்று தனியாக ஒன்று. அதில் பாதம் நுழைக்க இரண்டு ரப்பர் பட்டைகள் முன்னும் பின்னுமாக இருந்தன. புதிதாகக் கற்பவர்கள் ஜோடியைத்தான் எடுக்க வேண்டும், ஒற்றைப் பலகை நன்றாகப் பழகியவர்களுக்கு என்றான். ஜோடியில் எப்படி நிற்பது என்று கேட்டேன். நின்று காட்டினான். கால் இரண்டையும் தோள் அகலத்துக்கு அகட்டி, முழங்காலை மடக்கி, நாற்காலியில் உட்காரப் போகிறவன் மாதிரி நின்றான்.

எனக்குக் காது மடல் சுட்டது. மாட்டுங்காவில் எங்கள் தமிழ் வீடுகளில் பெண்ணாகப் பிறந்தவள் நடக்கப் பழகிய நாளிலிருந்து கேட்கும் வார்த்தை, ‘கால அகட்டிண்டு நிக்காதேடி’ என்பதுதான். சிநேகிதியின் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வந்ததே எனக்குப் பெரிய காரியம். அதற்கு மேல் அப்படியொரு கோலத்தில், இரண்டு ஆண்பிள்ளைப் படகோட்டிகள் கரையில் பீடி பிடித்துக்கொண்டு பார்த்திருக்க நிற்பதா? ஒற்றைப் பலகையில் ஒரு பாதத்துக்குப் பின்னால் இன்னொரு பாதம். கால் சேர்ந்தே இருக்கும், அடக்கமாக இருக்கும். எனக்கு அதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன்காரன் என் அடக்கத்தை வீரம் என்று எடுத்துக்கொண்டான். இந்த மதராஸிப் பெண் லேசுப்பட்டவள் இல்லை என்று தங்கையிடம் ஹிந்தியில் சொன்னது எனக்கும் கேட்டது. அதற்குப் பிறகு எங்கே வார்த்தையைத் திரும்ப வாங்குவது? எனக்கு வீம்பு ஜாஸ்தி.

மூன்று ஞாயிறு விழுந்தேன். கயிறு விறைக்கும், பலகை கிடுகிடுவென்று ஆடும், நான் எழுந்திருப்பதற்கு முன்பே ஒருக்களித்துச் சாய்ந்து உப்புத் தண்ணீரைக் குடிப்பேன். மூக்கில் ஏறிய தண்ணீர் புதன்கிழமை வரை எரியும். ஜோடியை எடுத்துக்கொள் என்று அண்ணன்காரன் கெஞ்சினான். முடியாது என்றேன். ஏன் என்று சிநேகிதி கேட்டாள். இதையெல்லாம் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? பிடித்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

கடைசி ஞாயிற்றுக்கு முந்தின நாள் சிநேகிதிக்கு ஜுரம். படகில் ஒருத்தர் ஓட்ட வேண்டும், இன்னொருத்தர் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, பலகையில் இருப்பவர் விழுந்தால் படகை நிறுத்தச் சொல்லிக் கை தூக்க வேண்டும். அதுவரை அது சிநேகிதியின் வேலை. அந்த ஆள் இல்லாமல் படகை எடுக்க மாட்டான் அண்ணன்காரன். எடுத்தாலும், கல்யாணம் ஆகாத ஒருத்தனோடு தனியாக நான் போவதாவது. ஆபீஸ் விட்டு வந்தவள் நேரே சமையலறைக்குப் போய், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அம்மா அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். திட்டு விழப்போகிறது என்று நான் காத்திருந்தேன். கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலை அப்பாவிடம், தாதரில் ரவிக்கைத் துணி பார்க்கப் போகிறோம் என்று அவள் சொன்ன அழகைப் பார்க்க வேண்டும். எனக்கே அவ்வளவு சரளமாகப் பொய் வராது.

ஒன்பது கஜத்தை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா படகில் ஏறினாள். அண்ணன்காரன் அவள் வேலையை விளக்கினான். காய்காரனோடு பேசிப் பழகிய ஹிந்தியில், சரி, நீ நேரே பார்த்து ஓட்டு, பெண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நான் ஒற்றைப் பலகையோடு தண்ணீரில் இறங்கினேன். விழுந்தேன். மறுபடி விழுந்தேன். மூன்றாம் தடவை விழுந்ததும் அம்மா படகை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“ஜோடியா ரெண்டு கட்டை இங்க சும்மாக் கெடக்கே, அதை ஏன் எடுக்கலே?”

“அதுல கால அகட்டிண்டு நிக்கணும்மா.”

இருமி இருமி எனக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“நிக்கறதுக்குத்தானேடி வந்தே? நில்லேன். நடுக்கடல்ல யாரு ஒன்னைப் பொண்ணு பாக்க வரா?”

அவளே ஜோடிப் பலகையை ஒவ்வொன்றாகத் தூக்கி என்னிடம் நீட்டினாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, மூன்று ஞாயிற்றை வீணாக்கிவிட்டோமே என்று ஆத்திரமாகவும் இருந்தது. காலை நுழைத்தேன். படகு உறுமியது. கை இரண்டும் கழன்றுவிடும் போல இழுத்தது. முழங்காலை மடக்கி, காலை நன்றாக அகட்டினேன். அவ்வளவுதான், எழுந்துவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. பாதத்துக்குக் கீழே கடல் தடதடவென்று ஓடியது. முகத்தில் காற்று அறைந்தது. நான் என்ன கத்தினேன் என்பது எனக்கே தெரியாது. ஹிந்தியும் தமிழும் கலந்து ஏதோ கத்தினேன். நான் விழவே இல்லை, ஆனாலும் அம்மா கையை உயரத் தூக்கிக்கொண்டு இருந்தாள். அண்ணன்காரன் திரும்பிப் பார்த்துக் குழம்பிப்போய்ப் படகை நிறுத்த, அதனால்தான் நான் முழுகினேன்.

திரும்பி வரும்போது அம்மா முந்தானையால் என் தலையைத் துவட்டினாள். ஒரு தடவையாவது நின்றுவிட்டேன், இனிமேல் இதெல்லாம் ஏது என்று நான் சொன்னதும் அவள் கை நின்றது.

“மாப்பிள்ளைக்கு நீந்தத் தெரியுமோ?”

எனக்கு எப்படித் தெரியும் என்றேன். ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம்தான் அவரைப் பார்த்திருந்தேன்.

“கேட்டுண்டா போச்சு. கல்யாணம் ஆனா ஞாயித்துக்கிழமை வராமப் போயிடுமா என்ன? அவரையும் அழைச்சுண்டு வா. ஜோடியை நீ எடுத்துக்கோ, அந்த ஒத்தைக் கட்டையை அவர் கையில குடு.”

அப்படியே செய்தேன். கல்யாணமாகி மூன்றாவது ஞாயிறு, அவர் ஒற்றைப் பலகையோடு குப்புறக் கவிழ்ந்து உப்புத் தண்ணீர் குடித்தபோது, படகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து கையைத் தூக்கியவள் அம்மாதான்.