பெர்ரின் எழுதவைத்த ஒரு வரி

பெர்ரினைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் வாயாடி என்பார்கள். நான் சொல்கிறேன், அன்றைக்கு முதுகெலும்போடு இருந்தவள் அவள் ஒருத்திதான். வண்டிச் சக்கரம் செய்து பிழைக்கிற நான் உட்பட ஆம்பிளைகள் எல்லாம் தொப்பி போட்ட பொம்மைகள்.

அவள் நிலம் பிரபுவின் புறாக் கோபுரத்துக்கு அடியிலேயே இருந்தது. புறா வளர்க்கும் உரிமை பிரபுவுக்கு மட்டும்தான். விதைத்த அன்றே கூட்டமாக இறங்கி மேய்ந்துவிட்டுப் போகும். விரட்டலாம், கொன்றால் சிறை. அவள் புருஷன் ஜெர்வே ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கல்லெறிந்தான். ஒரு புறா செத்தது. பிரபுவின் சிறையில் காய்ச்சல் கண்டு ஆறே வாரத்தில் அவனும் போய்ச் சேர்ந்தான்.

1789 மார்ச்சில் ராஜா ஒரு காரியம் செய்தார். கஜானா காலியாகிவிட்டதால் பாதிரிமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்று நாட்டின் மூன்று வகுப்பாரையும் சபைக்குக் கூப்பிட்டார். கூடவே, ஒவ்வொரு ஊரும் தன் குறைகளை எழுதி அனுப்பட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலுக்குள்ளேயே கூடினோம். தலைமை யார் தெரியுமா? பிரபுவின் நீதிபதி கொர்பென்! பிரபுவைப் பற்றிய குறையை அவர் ஆளிடமே சொல்ல வேண்டுமாம், நல்ல கூத்து. நகரத்திலிருந்து வந்த மாதிரித் தாளைப் பார்த்துக் குமாஸ்தா எழுதிக்கொண்டே போனான். உப்பு வரி வந்தது, சாலை வந்தது, பாலம் வந்தது. புறா மட்டும் வரவில்லை.

"வேற ஏதாவது உண்டா?" என்றார் நீதிபதி. நாங்கள் தரையைப் பார்த்தோம்.

வரி கட்டும் விதவை என்பதால் பெர்ரினுக்கும் அங்கே இடம் இருந்தது. எழுந்தாள். "புறாவை எழுதுங்க எசமான்."

"ஏம்மா, ராஜா உன் புறாக் கதையைப் படிச்சிட்டு உக்காந்திருப்பாரா?"

"படிக்கத்தானே கேட்டாரு? அவருக்கு இதெல்லாம் தெரியாது எசமான். தெரிஞ்சா சும்மா விடுவாரா?"

சொல்லிக்கொண்டே இடுப்பில் கட்டியிருந்த துணிக்குள்ளிருந்து ஒரு செத்த புறாவை எடுத்து மேசைமேல் போட்டாள். கத்தியால் அதன் தீனிப்பையைக் கீறினாள். பார்லி கொட்டியது. முந்தின நாள் அவள் விதைத்த பார்லி.

நீதிபதியின் முகம் சிவந்துவிட்டது. "இதைக் கொன்னது யாரு?"

ஜெர்வே போன இடத்துக்கே இவளும் போகப் போகிறாள் என்று நினைத்தேன்.

"யாரும் கொல்லலை எசமான். என் பார்லியைத் தின்னு தின்னு வயிறு முட்டிச் செத்துப்போச்சு, பாவம்."

பின்னாலிருந்து ஒருவன் களுக்கென்று சிரித்தான். அவ்வளவுதான், கோயிலே சிரித்தது. சிரித்த பிறகு எங்கே பயம்? "எழுதுங்கய்யா!" என்று ஒரு குரல் கத்தியது. அது என் குரல் என்று தெரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. குமாஸ்தா எழுதினான்.

வெளியே வந்ததும் கொர்பென் அவளை மறித்தார். "அறுவடை முடியட்டும், உன் வழக்கை எடுக்கறேன். உன் புருஷன் படுத்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு."

"பயமா இல்லையா?" என்று நான் கேட்டேன்.

"இருக்குண்ணே. ஆனா எழுதினது எழுதினதுதான்."

எங்கள் ஊரைப் போலவே நாடு முழுக்க எழுதியிருந்தார்கள். கோடையில் ஊர் ஊராகப் பிரபுக்களின் மாளிகைகள் எரிந்தன. பயந்துபோன பிரபுக்கள் ஆகஸ்டில் தங்கள் உரிமைகளைச் சபையில் தாங்களே விட்டுக்கொடுத்தார்கள். புறா உரிமையும் ஒழிந்தது, பெர்ரினின் வழக்கும் ஒழிந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்?

ஆனால் அதைச் சட்டமாக்கச் சம்மதம் தராமல் ராஜா இழுத்தடித்தார். "அவருக்குத் தெரியாது" என்று சொல்வதை அன்றோடு பெர்ரின் விட்டுவிட்டாள். இரண்டு வருஷம் கழித்து ராஜாவே வேலைக்காரன் வேஷத்தில் எல்லைப் பக்கம் ஓடிப் பிடிபட்டபோது, "எல்லாம் தெரிஞ்சுதான் ஓடியிருக்காரு" என்றாள்.

1792 விதைப்புச் சமயம். நான் மூச்சிரைக்க அவள் வயலுக்கு ஓடினேன். "பெர்ரின்! இனிமே ராஜாவே கிடையாதாம்! குடியரசாம்!"

அவள் கை நிற்கவில்லை. "அவராத்தானே வந்து கேட்டாரு? கேட்டுட்டு, அப்புறம் வாயை மூடுன்னா எவ மூடுவா?"

"புதுசா வந்தவங்க கேக்காட்டி?"

"கேக்காட்டி போகட்டும். நான் சொல்லிட்டுத்தான் இருப்பேன்."

அடுத்த வாரம் ஊர்ச் சபைக்குப் போனாள். குடியரசில் பொம்பளைக்கு ஓட்டுக் கிடையாது என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். அவள் வாசலில் நின்றே பேசினாள். உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.