பொன்னுவேலின் கட்டைவிரலும் மகாதேவி அக்காவின் பாலிஷும்

மகாதேவி அக்கா எங்கள் வீட்டுக்கு மூத்த மருமகள். நான் இளையவள். பூம்பாறையில் ஒரே வீட்டில் பதினொரு வருடமாக இருக்கிறோம். காலையில் நான் பூண்டுக் காட்டுக்குக் கிளம்பும்போது அக்கா பின்பக்கத்து அறையைத் திறப்பாள். எங்கள் ஊரில் அப்படி ஒரு அறை இருந்தால் பூண்டுக் கட்டுதான் தொங்கும். இந்த அறையில் பேஸ் கிதார்கள் தொங்கும். சிலவற்றுக்குக் கம்பி இருக்காது. சிலவற்றுக்கு, விரல் வைத்து வாசிக்கும் நீளக் கழுத்தே இருக்காது.

பேஸ் கிதாருக்கு நாலே நாலு தடித்த கம்பிகள். கச்சேரியில் பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஒரு சத்தம் நெஞ்சில் வந்து மோதுமே, அது இதிலிருந்துதான் வருகிறது. எனக்கே அக்கா சொல்லித்தான் தெரியும்.

அக்காவுக்குச் சொந்த ஊர் பண்ணைக்காடு. கல்யாணத்துக்குப் பிறகு ஆறு வருடம் தினமும் முதல் பஸ்ஸில் கொடைக்கானல் போய், பங்களா நாற்காலி, கட்டில், அலமாரிகளுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை பார்த்தாள். அங்கே யாரோ கழுத்து ஒடிந்த பேஸ் கிதார் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்கள். அடுப்புக்கு ஆகும், எடுத்துக்கொள் என்றார் பட்டறைக்காரர். அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இரண்டு மாதத்தில் ஒட்டிவிட்டாள். விடுதியில் வாசிக்கும் ஒருவர் அதை வாங்கிப் போனார். அவர் சொல்லி அடுத்தவர் வந்தார். ஆறு கம்பி கிதாரைச் சரிசெய்ய மதுரையிலும் திண்டுக்கல்லிலும் ஆள் இருக்கிறார்கள். பேஸ் என்றால் பலர் கையை விரித்துவிடுகிறார்கள். “இது கட்டில் கால் மாதிரிதான். எனக்குக் கட்டில் கால் தெரியும்” என்பாள் அக்கா. அவளுக்கு ஒரு பாட்டும் வாசிக்கத் தெரியாது. கம்பியைத் தட்டி, சுருதி சரியா என்று போனில் முள் காட்டுவதைப் பார்த்துக்கொள்வாள்.

எங்கள் மாமியார் சின்னத்தாயிக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. “ஊரு பூரா பூண்டு மணக்கு. என் வீடு மட்டும் வார்னிஷ் மணக்கு” என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். ஆனால் வருகிறவர்களுக்கு டீ போடச் சொல்வதும் அவர்தான்.

போன ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை பொன்னுவேல் வந்தார். பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். குரங்குக் குல்லாய் போட்டு, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நடுங்கியபடி வாசலில் நின்றார். முதுகில் கிதார்ப் பை.

இருபத்திரண்டு வருடமாக நல்லசாமி என்பவரின் இன்னிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறாராம். மாசி மாதம் வண்டியில் இருந்து விழுந்ததில் இடது கட்டைவிரல் மூட்டு நொறுங்கி, பிளேட் வைத்திருக்கிறார்கள். விரல் இருக்கிறது, மடங்கத்தான் மாட்டேன் என்கிறது. வாசிக்கும்போது கிதாரின் கழுத்தைப் பின்னாலிருந்து தாங்க வேண்டிய விரல் அது.

“எத்தன பாட்டு தாங்குறீங்க?” என்று அக்கா கேட்டாள்.

“நாலுங்க. அஞ்சாவதுக்கு விரலு, நான் வாரேன்னு கெளம்பிருது.”

“அப்ப வேற ஆளு போட்டுருவாகளா?”

“ஆளு போட்டாலும் மனசு ஆறிரும்ங்க. கீபோர்டு வாசிக்கிற செல்வமுருகன் இடது கையாலயே பேஸையும் போட்டுருவாப்ல. என் எடத்துக்கு ஒரு முழு ஆளு கூட வேணாம், அரை ஆளு போதும்ங்கிற கணக்கு.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. தை மாதக் கச்சேரிகளுக்கு யார் யார் என்று நல்லசாமி அன்றைக்கே முடிவு செய்துவிடுவாராம். முழு நிகழ்ச்சியையும் பொன்னுவேல் வாசித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் செல்வமுருகனின் இடது கைதான்.

“கழுத்தக் கொஞ்சம் மெலிசாக்கிக் குடுத்தீகன்னா புடிச்சிருவேன்” என்றார்.

அக்கா கிதாரைப் பிரித்து, கழுத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் உள்ளே நட்டநடுவில் நீளமாக ஓர் இரும்புக் கம்பி ஓடும். கம்பிகள் இழுக்கிற இழுப்பில் மரம் வளையாமல் அதுதான் தாங்குகிறது. அதன் முதுகில் இருக்கிற மரம் கொஞ்சம்தான்.

“இதுல பின்னாடி ஒரு நூல் கனம் எடுத்தாலே இரும்பு எட்டிப் பாத்துரும். ஒங்க கிதாரக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம்.”

பொன்னுவேல் தலையை ஆட்டினார். பையின் ஜிப்பை மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடினார்.

நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் டம்ளரைப் பிடித்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாமெல்லாம் நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் எதிர்ப்பக்கம் என்று பிடிப்போம். அவர் கட்டைவிரல் எதிர்ப்பக்கம் போகவில்லை. மேலோரத்தில் சாய்ந்து படுத்திருந்தது. அப்படியும் டம்ளர் கெட்டியாகத்தான் இருந்தது. அடுப்படிக்கு வந்த அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன்.

அக்கா வெளியே போய் அவர் டீயைக் குடித்து முடிக்கிறவரை பார்த்தாள். பிறகு வீட்டில் பிடி வைத்த சாமான்களை எல்லாம் எடுத்துவரச் சொன்னாள். அரிவாள், மண்வெட்டி, அகப்பை, சுத்தியல் என்று ஒவ்வொன்றாக அவர் இடது கையில் கொடுத்தாள். எதையும் அவரால் கொஞ்ச நேரத்துக்கு மேல் பிடிக்க முடியவில்லை. கடைசியாக என் களைக்கொத்தைக் கொடுத்தாள். நான் இடதுகைக்காரி. வருடக்கணக்கில் என் கட்டைவிரல் உரசி அதன் காம்பு ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருக்கும். பொன்னுவேல் அதைப் பிடித்தார். பிடித்தபடியே பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். கீழே வைக்கவே இல்லை.

அப்போது ஜீப்பில் காய்கறி மூட்டை இறக்கிவிட்டு வந்த மணியன், அக்காவின் வீட்டுக்காரர், வாசலிலேயே நின்றுவிட்டார். “என்னண்ணே, களைக்கொத்து வாசிக்கவா பழனியில இருந்து வந்தீக?”

“நல்லாத்தான் இருக்குங்க. கம்பிதான் இல்ல” என்றார் பொன்னுவேல்.

அக்காவுக்கு வழி தெரிந்துவிட்டது. முதுகைத் தொட வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் தடித்த கம்பி ஓடும் மேலோரத்தை மட்டும் சரிவாக எடுத்தால் போதும், கட்டைவிரல் அங்கே சாய்ந்துகொள்ளும். இரும்பு நடுவில் இருப்பதால் அங்கே மரம் தாராளம். பொன்னுவேல் இரண்டு நாள் எங்கள் வீட்டிலேயே தங்கினார். அக்கா அரத்தால் ராவி, உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, ஒவ்வொரு தடவையும் அவர் கையில் கொடுத்துப் பார்த்து வாங்கினாள். இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் கழுத்தைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, “போதும்ங்க, இதோட விட்டுருங்க” என்றார்.

அவர் ஊருக்குப் போன பிறகு அக்கா பாலிஷ் போட்டாள். மஞ்சு மூடியிருக்கும்போது அரக்குப் பாலிஷ் பூசினால் வெளுத்துப் போகும். பதினொரு மணிவாக்கில் ஒரு மணி நேரம் வெயில் எட்டிப் பார்க்கும். அதற்காகக் காத்திருந்து, பஞ்சைத் துணியில் முடிந்து, நாளுக்கு இரண்டு பூச்சாக எட்டுப் பூச்சு போட்டாள். பங்களா மேசைக்குக்கூட அவள் அப்படிப் போட்டதில்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை வாங்க வந்த பொன்னுவேல் அதில் தன் முகத்தைப் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, கிதாரு நெக்கு கைய விட மாட்டேங்குது.”

“விட மாட்டேங்குதுன்னா?”

“ஒட்டுதுங்க, வெல்லப்பாகு தடவுன மாதிரி. வேர்வை. ஒரு எடத்துல இருந்து அடுத்த எடத்துக்கு வழுக்கிப் போறதுக்குள்ள பாட்டு தாண்டிப் போயிருது. கம்பியும் மூணு எடத்துல நறநறங்குது.”

அக்கா போனைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஐப்பசி மாதப் பூம்பாறையில் யாருக்குக் கை வேர்க்கும்? நடுங்குகிற கைக்கு அளவு பார்த்து, நடுங்குகிற கைக்குப் பாலிஷ் போட்டிருக்கிறாள். காய்ந்த கை அதில் பட்டுப்போல வழுக்கியது. மரமும் இங்கே ஈரத்தில் நின்றதுதான். பழனி வெயிலில் காய்ந்ததும் நிமிர்ந்து, கம்பியில் போய் உரசுகிறது.

“நானே உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்கவாங்க?”

“தொடாதீக.” அக்கா இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. “ஒத்திகை எத்தன மணிக்கு?”

“நாளைக்கு ரெண்டு மணிக்கு.”

“வாரேன்.”

சரிசெய்து கொடுத்த கிதாரைத் தேடி அக்கா எந்த ஊருக்கும் போனதில்லை. வருகிறவர்கள்தான் வருவார்கள். மாமியார் கேட்டார், “பழனிக்குச் சாமி கும்பிடப் போறியா, கிதாருக்குப் போறியா?”

“கிதாருக்கும் சாமிக்கும்தான் அத்தை.”

“சாமிய முன்னாடி சொல்லுடி.”

என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டாள். வெள்ளனே முதல் பஸ்ஸில் ஏறி, கொடைக்கானலில் மாறி, பழனி மலைப்பாதையில் இறங்க இறங்க ஒவ்வொரு ஸ்வெட்டராகக் கழற்றினோம். பொன்னுவேல் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தும் எனக்குக் கழுத்தில் வேர்வை ஓடியது.

அக்கா முதலில் கழுத்தின் முனையில், உள்ளே ஓடும் இரும்புக் கம்பியின் திருகாணியை ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு தளர்த்தினாள். தட்டிப் பார்த்தாள். இன்னொரு எட்டில் ஒரு பங்கு. நறநறப்பு நின்றது. அது சுலபம். பிறகு உப்புத்தாளைக் கையில் எடுத்தாள். எடுத்துவிட்டுச் சும்மா இருந்தாள். கழுத்தின் பின்பக்கப் பளபளப்பில் ஜன்னல் முழுவதும் தெரிந்தது, ஜன்னல் கம்பிகளோடு, வெளியே முருங்கை மரத்தோடு. மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு தேய்க்க ஆரம்பித்தாள்.

பொன்னுவேலின் மனைவி சுந்தராம்பாள் மோர் கொண்டுவந்தவர் அப்படியே நின்றார். “அய்யோ, மின்னிக்கிட்டு இருந்துச்சேம்மா! ஏன் இப்பிடி?”

“மின்னுனது எனக்குங்க. இவருக்கு வழுக்கணும்” என்றாள் அக்கா, நிமிராமல்.

வெள்ளைத் தூள் அவள் மடியில் விழுந்தது. ஒரு மணி நேரத்தில் எட்டுப் பூச்சில் பெரும்பாலும் போய், கழுத்து மங்கலாக, வெறும் மரம்போல ஆகிவிட்டது. ஈரம் இறங்காமல் இருக்க லேசாக எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். பொன்னுவேல் வேர்த்த கையோடு பிடித்து மேலும் கீழும் ஓட்டினார். கை ஓடியது.

ஒத்திகை நல்லசாமி வீட்டு மாடியில், தகரக் கூரைக்கு அடியில். நாங்கள் இருவரும் படிக்கட்டு ஓரமாக நின்றுகொண்டோம். நல்லசாமி வெள்ளை வேட்டி கட்டிய பெரிய ஆள். எங்களைப் பார்த்து யார் என்றுகூடக் கேட்கவில்லை. இருபத்து நாலு பாட்டுகள் எழுதிய தாளைச் சுவரில் ஒட்டியிருந்தார்.

நான் மனதுக்குள் எண்ணினேன். நாலாவது பாட்டு முடிந்தது. ஐந்தாவது. பொன்னுவேல் கூரையைப் பார்த்தபடி வாசித்தார். எட்டு, ஒன்பது, பத்து. அக்கா பாட்டைக் கேட்கவே இல்லை, அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறாவது பாட்டுக்கு நடுவில் அவர் முகம் சுண்டியது. பத்தொன்பதாவது முடிந்ததும் கையை உதறிக்கொண்டு குனிந்துவிட்டார்.

நல்லசாமி எழுந்து வந்தார். “வலிக்குதாலே?”

“வலிக்குதுண்ணே.”

“இல்லைன்னு பொய் சொல்லுவேன்னு நெனச்சேன்.” அவர் தாளைப் பார்த்தார். இன்னும் ஐந்து பாட்டுகள் மிச்சம்.

அப்போது கீபோர்டுக்குப் பின்னால் இருந்து செல்வமுருகன் சொன்னார், “அண்ணே, கடைசி அஞ்சும் நான் போட்டுர்றேன். எல்லாம் ஒரே ஓட்டமா ஓடுற பாட்டு, இடது கை போதும். மத்தது இவரு வாசிக்கட்டும். எட்டு மாசமா நான் ரெண்டு ஆளு சோலி பாக்குறேன். மேடையில மூக்கு அரிச்சா சொறிய ஒரு கை இல்லண்ணே எனக்கு.”

தபேலாக்காரர் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். பொன்னுவேல் மட்டும் சிரிக்கவில்லை. நல்லசாமியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நல்லசாமி அவர் கிதாரை வாங்கி, கழுத்தைத் திருப்பி, அந்தச் சரிவை விரலால் தொட்டுப் பார்த்தார். “யாரு செஞ்சது?” பொன்னுவேல் படிக்கட்டுப் பக்கம் கை காட்டினார். நல்லசாமி அக்காவைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவ்வளவுதான். அக்காவும் அசைத்தாள்.

பிறகு அவர் செல்போனை எடுத்து பிளெக்ஸ் கடைக்குப் பேசினார். தைப்பூசத்துக்கு முந்தின வாரம், ஒட்டன்சத்திரம் பக்கம் முதல் கச்சேரி. பாடுகிறவர்களின் பேர் இரண்டைச் சொன்னார். தபேலா சொன்னார். “கீபோர்டு, செல்வமுருகன். பேஸ் கிதார்...” என்று ஒரு நொடி நிறுத்தினார். “பொன்னுவேல். பழைய போட்டோ ஒன்கிட்டதான கெடக்கு? அதையே போடு.”

“அண்ணே, பேரக் கொஞ்சம் பெரிசாப் போடச் சொல்லுங்க” என்றார் பொன்னுவேல்.

“மொதல்ல இருபத்து நாலையும் வாசிலே. அப்புறம் பெரிசாக்குவோம்.”

அக்கா அதற்குள் அவர் பக்கத்தில் போய், கட்டைவிரல் அடியில் சிவந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்த எடத்துல இன்னும் ஒரு தலைமுடி கனம் எடுக்கணும்” என்றாள். “ஒக்காருங்க. வேர்த்த கை காயறதுக்குள்ள பாத்துருவோம்.”