பாய்ப்படகுக்குத் தைத்த கொடிகள்

பொலிஸ் வந்த அன்று எங்கள் அறைக்குள் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் தம்பி, கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா, மூன்று பொலிஸ்காரர், அவர்களோடு வந்த ஒரு பெண் பொலிஸ். வேறு ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நாங்கள் தைத்துக் கொடுத்த பாய்ப்படகின் சொந்தக்காரர், இப்போது இருக்கும் நாட்டில், கலியாண வீடுகளில் வேறு கதை சொல்லித் திரிகிறாராம். அன்று தானும் அங்கே நின்றாராம். தான் கதைத்துத்தான் என் தம்பியை வெளியே எடுத்தாராம். என் மச்சாள் தன் காதால் கேட்டுவிட்டு எனக்கு ரெலிபோனில் சொன்னாள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி அறையில் லொறிகளை மூடுகிற படங்கு தைத்துக்கொண்டிருந்தோம். நான் மெஷினில், தம்பி வெட்டுவதற்கும் வளையம் அடிப்பதற்கும். தடித்த துணி தைக்கிற பழைய மெஷின் அது. அதன் சத்தத்துக்குக் கீழே வீட்டுக்காரம்மாவின் கிளாஸ் அலுமாரி நடுங்கும்.

சமாதானம் என்று சொன்ன காலத்தில்தான் அந்தப் படகுக்காரர் வந்தார். பல வருஷம் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர், வெளிநாட்டுப் பாஸ்போர்ட். வெள்ளவத்தையில் அனெக்ஸ் ஒன்று வாடகைக்கு எடுத்து மனைவியோடு இருந்தார். ஒரு வெள்ளைக்காரன் கைவிட்டுப் போன பாய்ப்படகை வாங்கி, ஒருகொடவத்தையில் கொண்டெயினர் முற்றம் ஒன்றில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார். லொறிகளுக்கும் இரும்புப் பெட்டிகளுக்கும் நடுவே, கடலே தெரியாத இடத்தில், அது வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றது.

"இனி எங்கட வீடு இதுதான் தங்கச்சி. மாலைதீவு, பிறகு ஆபிரிக்கா. எத்தனை வருஷமோ தெரியாது," என்றார்.

"கரண்ட் பில் வராது," என்றான் தம்பி.

நானும் தம்பியும் படகைச் சுற்றிப் பார்த்தோம். மேல்தட்டில் இரும்பு பதித்த இடமெல்லாம் மழைத்தண்ணீர் இறங்கி, உள்ளே பலகை தேத்தண்ணீரில் தோய்த்த பாண் மாதிரி ஊறியிருந்தது. கடல் தண்ணீரை மறிக்கிற வால்வுகள் துருப்பிடித்துத் திருகவே முடியாமல் இருந்தன. பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிக் கயிறுகளைத் தம்பி ஒரு பருத்தித் துணியால் மேலிருந்து கீழ்வரை துடைத்துப் பார்த்தான். அறுந்த இழை இருக்கிற இடத்தில் துணி கொளுவிக்கொள்ளும். மூன்று இடத்தில் கொளுவியது. பாயை விரித்து நகத்தால் தையலைச் சுரண்டினேன். துணி நல்ல துணி, நூல்தான் வெயிலில் உக்கிப் பொடியாகக் கொட்டியது.

"இதிலயோ அண்ணை அக்காவையும் ஏத்திக்கொண்டு போகப் போறியள்?" என்று அவருடைய மனைவியை நினைத்துக் கேட்டேன்.

"பயந்தாங்கொள்ளி," என்று சிரித்தார்.

எங்கள் அறைக்குள் அந்தப் பாய் கொள்ளாது. மொட்டை மாடியில் விரித்து, நான்கு பக்கமும் செங்கல் வைத்து, ஒவ்வொரு தையலையும் பிரித்துத் திரும்பத் தைத்தோம். காற்று வந்தால் நான் பாய்க்கு மேலே ஏறிக் குந்துவேன். பறந்து போய் யாருடைய தலையில் விழுமோ, தந்திக் கம்பியில் விழுமோ என்று பயம்.

"அக்கா மழை வரமுதலே குடையை விரிப்பா. விரிச்சிட்டு, குடை பறக்கப்போகுது எண்டு அழுவா," என்று தம்பி பக்கத்து மாடிக்காரருக்கெல்லாம் சொல்லுவான்.

பாய் முடிந்தது. மெத்தை உறை முடிந்தது. கடல் ஆட்டத்தில் படுத்திருப்பவர் உருண்டு விழாமல் கட்டிலோரம் கட்டுகிற துணிகளும் முடிந்தன. அதற்குள் சமாதானமும் முடிந்துவிட்டது. திரும்பவும் சந்திக்குச் சந்தி செக்பொயின்ட், திரும்பவும் வீடு வீடாகத் தேடல். படகுக்காரர் மட்டும் காலநிலையைப் பற்றியே கதைத்தார். மழைக்காற்று மாறமுதல் போக வேண்டுமாம்.

கடைசியாகத்தான் கொடிகளைக் கேட்டார். கடலில் ஒரு கப்பல் இன்னொரு கப்பலோடு கதைக்கிற கொடிகள். எழுத்துக்கு ஒன்று, இலக்கத்துக்கு ஒன்று, அதற்கு மேல் இன்னும் நான்கு என்று, மொத்தம் நாற்பது. வெளியே வாங்கினால் கொள்ளை விலை. நிறம் போட்ட கடதாசி ஒன்றைக் காட்டினார். எனக்குக் கண் ஒரே இடத்தில்தான், புலிக்கொடியின் நிறங்கள் சேர்ந்த இடத்தில்தான், போய் நின்றது.

"அண்ணை, இந்தச் சிவப்பும் மஞ்சளும் வேணுமோ? இந்த நேரத்தில?"

"தங்கச்சி, இது உலகம் முழுக்க ஒண்டுதான். ஆள் கடலுக்குள்ள விழுந்தால் ஏத்துற கொடி இது. அதையும் விடச் சொல்லுறீரோ?"

"அப்ப அந்தக் கடதாசியையாவது வைச்சிட்டுப் போங்கோ. ஆரும் கேட்டால் காட்டலாம்."

"என்னட்ட இது ஒண்டுதான் இருக்கு. அளவை எழுதி எடும்."

நான் பென்சிலால் கீறிக்கொண்டேன். அவர் கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தைக்கிறவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கொடிக்கும் நூல் மாற்றிக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்காது. ஒரு நிறத்துக்கு நூல் கோத்தால் அந்த நிறத்து வேலையை எல்லாம் ஒரே இருப்பில் முடிப்போம். நான் மஞ்சள் நூல் கோத்தேன். நீலத் துணி இன்னும் புறக்கோட்டையிலிருந்து வரவில்லை. ஆகவே மஞ்சளும் சிவப்பும் சேருகிற நான்கையும் முதலில் தைத்தேன். பயத்திலேதான் அவற்றை முதலில் முடித்தேன் என்றும் சொல்லலாம். சீக்கிரம் கண்ணை விட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அதுதான் வினையாகப் போயிற்று.

பொலிஸ் படியேறி வந்தபோது மேசையில் அந்த நான்கு மட்டும்தான் கிடந்தன. சிவப்பு, மஞ்சள். மஞ்சள், சிவப்பு.

சார்ஜன்ட் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "படகுக்கு, மஹத்தயா," என்றேன். சொன்ன பிறகுதான் விளங்கியது, அதைவிடக் கெட்ட சொல்லை நான் தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன் என்று. தமிழர், சிவப்பு மஞ்சள் கொடி, படகு.

வீட்டுக்காரம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "என்ட சுவரில ஆணி அடிக்க வேணாமெண்டு சொன்ன எனக்கு, கொடி தைச்சுக் குடுத்திருக்கிறியளே!" என்று கத்தினார்.

தம்பி மட்டும் அமைதியாகச் செருப்பைத் தேடினான். "தைக்கிறது அக்கா இல்ல சேர், நான்தான்," என்று சிங்களத்தில் சொன்னான். அந்தப் பொய்யை அவன் எப்போது யோசித்து வைத்தானோ தெரியாது. அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். பெண் பொலிஸ் என் தோளைத் தொட்டு, தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி, "அழ வேணாம் நங்கி, படகின்ர சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு வா," என்றாள்.

சந்திக் கடையிலிருந்து படகுக்காரருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"அண்ணை, தம்பியைக் கொண்டு போட்டாங்கள். கொடியாலதான். அந்தக் கடதாசியைக் கொண்டு உடனே வாங்கோ."

அவருக்குப் பின்னால் இரும்புச் சத்தம் கேட்டது. "இண்டைக்கு கிரேன் வந்திருக்குத் தங்கச்சி. படகை லொறியில ஏத்துறம். ஹாபருக்குக் கொண்டு போக இண்டைக்கு மட்டும்தான் பெர்மிட். பின்னேரம் வாறன்."

பின்னேரம் வரவில்லை. அடுத்த நாள் காலை எடுத்தால், குரலே மாறியிருந்தது.

"நான் வந்தால் என்ர பேரும் அதுக்குள்ள போகும். பிறகு படகை விடமாட்டாங்கள். இவ்வளவு செலவழிச்சுப் போட்டு… கொஞ்சம் பொறுங்கோ. விசாரிச்சுப்போட்டு விடுவாங்கள்தானே."

விசாரிப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதா? கொழும்பில் அந்த நாட்களில் பால்மா வாங்கப் போன பிள்ளைக்கும் தெரியும். நான் ரெலிபோனை வைக்கவில்லை, அடித்தேன். கடைக்காரர் காசுகூட வாங்கவில்லை.

வெள்ளவத்தைக்கு பஸ் எடுத்தேன். அவர் ஹாபரில், மனைவி மட்டும் வீட்டில். கேற்றைத் திறக்காமல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"அக்கா, நான் சண்டைக்கு வரேல்ல. அந்தக் கடதாசியைத் தாங்கோ. தராட்டி இந்த லேன் முழுக்கக் கேக்கக் கத்துவன்."

அவர் உள்ளே போய், கடதாசியைக் கொண்டுவந்து கம்பிக்கு ஊடாக நீட்டினார். "அவரிட்டச் சொல்லாதேங்கோ," என்றார். கடலுக்கு நடுவில் அந்த மனிதரோடு தனியாக இருக்கப்போகிற பெண். அவர்மேல் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

கடதாசியை மட்டும் கொண்டு போனால் நம்புவார்களா? நான் பயந்த பிறவி. நம்பமாட்டார்கள் என்றே என் மனது சொன்னது. புறக்கோட்டையில் நீலமும் கறுப்பும் வெள்ளையும் என் சொந்தக் காசில் வாங்கினேன். மீதி முப்பத்தாறு கொடிகளையும் தைத்தேன். விரலில் ஊசி ஏறிய இடத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு தைத்தேன். மெஷின் போட்ட கூச்சலுக்கு வீட்டுக்காரம்மா ஒரு தடவைகூட மேலே வரவில்லை. இரண்டாவது நாள் ஒரு கோப்பைத் தேத்தண்ணீரைப் படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பொலிஸில் பொறுப்பதிகாரி ஓஐசியின் மேசையில் எல்லாவற்றையும் கடதாசியில் உள்ள வரிசைப்படி விரித்தேன். மேசை போதாமல் தரையிலும் விரித்தேன். அவர் கடதாசியையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நான்கையும், அவர்கள் எடுத்து வைத்திருந்த உறையிலிருந்து எடுத்து, வெறுமையாக விட்ட இடங்களில் தானே வைத்தார். ஹாபருக்கு ஒரு கோல் எடுத்தார். அந்தப் பக்கத்தில் யாரோ சிரிப்பது எனக்கே கேட்டது.

தம்பியை விட்டார்கள். இடது கையின் விரல்கள் மடங்காமல் வந்தான். "அக்கா, உள்ளுக்க வெயில் இல்ல, நூல் உக்காது," என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடிகளைத் திருப்பித் தரமாட்டோம், வழக்குச் சாமான் என்றார்கள்.

தம்பி வீட்டுக்கு வந்த நாலாம் நாள் படகுக்காரர் முச்சக்கர வண்டியில் வந்தார். பாய்க்கும் உறைகளுக்கும் காசை எண்ணித் தந்தார், சாமான்களை ஏற்றினார். தம்பியின் கையைப் பார்த்தார், பார்க்காதது போல் நின்றார்.

"கொடிக்கு அண்ணை?"

"கொடி பொலிஸிலயெல்லோ இருக்கு. கையில கிடைக்காத சாமானுக்கு என்னண்டு அம்மா சல்லி தாறது?"

நான் அதுவரை வாழ்க்கையில் யாரிடமும் குரல் உயர்த்தியவள் அல்ல. அன்று தெருவே வெளியில் வந்தது. தம்பியின் கைக்கு என்ன விலை என்று கேட்டேன். உங்கள் பெர்மிட்டுக்கு என்ன விலை என்று கேட்டேன். தம்பி நல்ல கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "விடக்கா, போகட்டும்." முச்சக்கர வண்டிச் சாரதிகூட, "குடுத்திட்டு வாங்கோ ஐயா," என்றான்.

"போய்ச் சேர்ந்த உடன அனுப்பிறன்," என்று சொல்லிவிட்டு ஏறினார்.

போய்ச் சேர்ந்துவிட்டார். படகு நல்லபடி ஓடியதாம், பாயில் ஒரு தையல்கூட விடவில்லையாம். கொடிக்காசை மட்டும் அனுப்பவில்லை. துணி எங்களுடையது, நூல் எங்களுடையது. கொடி ஒன்றுக்கு முந்நூற்றைம்பதுபடி, நாற்பது கொடிக்கும் அவர் தர வேண்டியது பதினாலாயிரம் ரூபாய்.